நான் கேட்காமல் நிரப்பிய படிவம்

அக்காவின் வலது காற்செருப்பு கழன்று விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தோம். எங்கள் ஊரான வங்காலையின் மணல் உச்சி வெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது அங்கே நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் அந்த மணலில் ஒரு கால் வெறுங்காலாகப் பத்துப் பன்னிரண்டு அடி போய்விட்டாள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"விழுந்ததோ?" என்று திரும்பிச் சிரித்தாள். "எனக்கு ஒண்டும் தெரியேல்லையடா தம்பி."

சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பது எனக்கு உடனே புரிந்தது. வீட்டில் கால் கழுவும்போது பார்த்தேன். பாதம் சிவந்து பொங்கியிருந்தது. இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கிறது, விரல்கள் மரத்துப் போகின்றன என்று அவள் முன்பே அத்தானிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை.

எனக்கும் அக்காவுக்கும் இடையில் அதுதான் வழக்கமாக இருந்தது. சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் அம்மாவும் அப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு வள்ளத்தில் இராமேஸ்வரம் போனார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அக்கா கல்யாணம் முடித்த புதிதில் அத்தானோடு ஊரிலேயே நின்றுவிட்டாள். நான் தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்து, அங்கேயே கல்லூரிக்குப் போய், ஆங்கிலம் படித்தேன். அவர்கள் இங்கே ஓடிக்கொண்டே இருந்தார்கள். வங்காலையிலிருந்து மடுப் பக்கம், அங்கிருந்து வன்னி, பிறகு யுத்தத்தின் கடைசி நாள்வரை. பன்னிரண்டு வருடம் காத்திருந்து பிறந்த ஒரு பெண்பிள்ளை அவர்களுக்கு இருந்தாள். நான் அவளைப் புகைப்படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்து சில மாதங்கள் கழித்து அத்தான் ஏதோ ஒரு முகாமிலிருந்து தொலைபேசியில் பேசினார். "நாங்கள் ரெண்டு பேரும் இருக்கிறம்" என்றார். ரெண்டு பேர் என்ற அந்தச் சொல்லில்தான் பிள்ளை இல்லை என்பதை அறிந்துகொண்டேன். எப்படி, எங்கே என்று நான் கேட்கவில்லை. பிறகு நானும் ஊருக்குத் திரும்பி வந்து, அவர்களுக்குப் பக்கத்து வளவில் கொட்டில் போட்டுக் குடியிருந்தபோதும் கேட்கவில்லை. அக்கா மீன்குழம்பு கொண்டுவந்து தருவாள். தமிழ்நாட்டைப் பற்றிக் கேட்பாள். அங்கே மழை எப்படி, முகாமில் தண்ணீர் எப்படி, அம்மாவை அடக்கம் செய்த இடம் எப்படி என்று எல்லாம் கேட்பாள். நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவளிடம் திருப்பிக் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிவைத்திருந்தேன்.

எனக்கு மன்னார் நகரத்தில் ஒரு உதவி நிறுவனத்தின் கந்தோரில் வேலை கிடைத்திருந்தது. மீளக்குடியேறிய சனங்களுக்கு வீட்டுத்திட்டப் படிவம், மலசலகூடப் படிவம், வள்ளத்துக்கான படிவம் நிரப்பிக் கொடுப்பதுதான் வேலை. முள்ளிக்குளத்து ஆட்களுக்கு, எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களுக்கு, எங்கள் பக்கத்து மீன்பிடிக்காரருக்கு என்று ஒரு நாளில் நாற்பது, ஐம்பது படிவம் எழுதுவேன். பாதிக் கேள்விகளை வாய்விட்டுக் கேட்கவே மாட்டேன். ஆளைப் பார்த்ததும் பதில் தெரியும். அந்தக் கந்தோரில் என்னைவிட வேகமாகப் படிவம் நிரப்ப ஆள் இல்லை. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

செருப்புச் சம்பவத்துக்கு அடுத்த கிழமை அக்காவை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். முதலில் இடுப்புப் பக்கத்துக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். டொக்டர் அந்தப் படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எலும்பில் வெடிப்போ தேய்வோ பெரிதாக இல்லை என்றார். விலாப்பக்கம் வலிக்கிறது என்று அவள் சொன்னதால், சிறுநீரகத்தில் கல் இருக்கிறதா என்று பார்க்க வயிற்று ஸ்கான் எடுக்கச் சொன்னார். நான் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சேலைத் தலைப்பால் வயிற்றைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"பச்சைத்தண்ணி மாதிரிக் குளிரான களி ஒண்டு பூசுறாங்கள்" என்றாள். "கடைசியா எனக்கு அதைப் பூசினது பிள்ளை வயித்துக்குள்ள இருக்கேக்க."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "தேத்தண்ணி குடிக்கப் போவமே அக்கா?" என்றேன்.

ஸ்கானிலும் ஒன்றும் இல்லை. அப்போதுதான் டொக்டர் எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும் என்று கடிதம் எழுதித் தந்தார். "எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். வயித்து ஸ்கான் உள்ளுறுப்புகளைக் காட்டும். எனக்கு இப்ப பாக்க வேண்டியது நரம்பும், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில இருக்கிற தட்டும். அதுக்கு இதுதான் சரி. கதிர் ஒண்டும் இல்லை, பெரிய காந்தம்தான். பயப்பிடாதேங்கோ" என்றார். அவர் காந்தம் என்று சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது.

அந்த வசதி அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. தெற்கே, பஸ்ஸில் பல மணித்தியாலம் போக வேண்டிய ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நாள் குறித்துத் தந்தார்கள். புறப்படுவதற்கு முந்திய நாள் பின்னேரம் அத்தான் வேலியடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இங்கிலீசு தெரிஞ்ச நீ போறதுதான் நல்லது. ஆனா ஒண்டு. டொக்டர்மாரிட்ட எதையும் ஒளிக்காமச் சொல்லச் சொல்லு. அவவா வாய் திறக்க மாட்டா. நீதான் ஆறுதலாக் கேக்கோணும்."

"ஓம் அத்தான், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். அவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் நடந்துவிட்டேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஸ்கான் பகுதிக்கு வெளியே ஒரு நீளமான கூடம் இருந்தது. எல்லோரும் சிங்களத்தில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். எதிர்க் கதிரையில் முழங்காலில் பெரிய கட்டுப் போட்ட ஒரு இளைஞன் இருந்தான். ஒட்ட வெட்டிய தலைமயிரையும் பக்கத்தில் நின்ற தோழனின் பச்சைப் பையையும் பார்த்தே அவன் இராணுவத்தான் என்று தெரிந்தது. நேர்ஸ் வந்து ஒரு படிவத்தை நீட்டினார். ஒரு பக்கம் சிங்களம், மறு பக்கம் ஆங்கிலம். நான் பேனாவை எடுத்தேன்.

இதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறதா? இல்லை. சத்திரசிகிச்சை? இல்லை. கர்ப்பம்? இல்லை. காது கேட்கும் கருவி? இல்லை. அடுத்த வரியில், துப்பாக்கிச் சன்னம், வெடிச்சிதறல் போன்ற உலோகத் துண்டுகள் உடலில் உள்ளனவா என்று இருந்தது.

அந்த வரியில் என் பேனா நின்றது. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, ஒரு மூச்சு எடுக்கும் நேரம் இருக்கலாம். பக்கத்தில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு கூரையில் சுழன்ற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கூடத்தில், அந்த இளைஞனுக்கு முன்னால், எறிகணை, செல் என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது என்று பல காலம் எனக்குச் சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது பாதி உண்மை. கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாள் என்பதுதான் மீதிப் பாதி. அந்தப் பதிலுக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

'இல்லை' என்ற கட்டத்தில் அடையாளம் போட்டேன். மற்ற வரிகளையும் அதே வேகத்தில் முடித்தேன்.

"இதில ஒப்பம் வையுங்கோ அக்கா."

"என்ன கேட்டிருக்கிறாங்கள்?"

"வழமையான கேள்விதான்."

அவள் தன் பெயரை எழுத்துக்கூட்டி மெதுவாக எழுதினாள்.

பிறகு நான் மிகவும் கவனமான ஆளாக நடந்துகொண்டேன். தாலிக்கொடியைக் கழற்றி வாங்கி என் சட்டைப்பையில் வைத்தேன். தோடு, கொண்டை ஊசி, சட்டையில் குத்தியிருந்த சின்ன ஊசி எல்லாவற்றையும் நினைவுபடுத்திக் கழற்றச் சொன்னேன். ஸ்கான் எடுக்கும் ஆள் நடுத்தர வயதுக்காரர், அமைதியானவர். அவர் என்னிடம் மறுபடியும் ஆங்கிலத்தில் கேட்டார், உடம்பில் உலோகம் எதுவும் இல்லையே என்று. இல்லை என்றேன். அவர் அக்காவின் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, உடம்புக்கு ஏதாவது செய்தால் இதை அமுக்க வேண்டும் என்று சைகையில் காட்டினார். கதவு மூடியது.

நான் வந்து கதிரையில் இருந்த கொஞ்ச நேரத்தில் உள்ளே மணி அடிப்பதுபோல ஒரு சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. பிறகு ஓடும் காலடிச் சத்தம். நேர்ஸ் கதவைத் திறந்து என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

அக்காவை ஒரு தள்ளு கட்டிலில் அந்த அறைக்கு வெளியே கொண்டுவந்திருந்தார்கள். முகமெல்லாம் வியர்த்திருந்தது. இடக்கையால் வலத்தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"உள்ளுக்க போகேக்கயே ஆரோ தோளுக்குள்ள கைவிட்டு இழுக்கிறமாதிரி இருந்தது. பிறகு சுட்டுது தம்பி. பொறுத்துப் பாத்தனான். ஏலாமப் போச்சு."

ஸ்கான் எடுத்த மனிதர் அவளிடம் சைகையால் அனுமதி கேட்டு, ஆஸ்பத்திரிச் சட்டையின் கழுத்துப் பக்கத்தை விலக்கிப் பார்த்தார். தோளிலும் கையின் மேற்பக்கத்திலும் சின்னச் சின்னத் தழும்புகள், நெல்மணி அளவில், மினுமினுப்பாக இருந்தன. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஒரு சொல்தான் கேட்டார். அதை நான் தமிழாக்க வேண்டியிருந்தது.

"அக்கா, உடம்புக்குள்ள பீஸ் ஏதும் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு" என்றாள். "தெரியாதே உனக்கு?"

செல் துண்டுகளை எங்கள் சனம் பீஸ் என்றுதான் சொல்லும். கந்தோரில் எத்தனையோ பேர் என்னிடம் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள். என் அக்காவிடம் நான் அதைக் கேட்டது அப்போதுதான்.

அந்த மனிதர் கத்தவில்லை. படிவத்தை எடுத்து வந்து, அந்த வரியில் விரலை வைத்து, இதை யார் நிரப்பியது என்று கேட்டார். அந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். அவருக்கும் பயம் பிடித்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவ சொன்னதைத்தான் நான் எழுதினேன்."

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்னைப் பற்றி ஏதோ குறை சொல்கிறார்கள் என்று மட்டும் விளங்கியிருக்க வேண்டும். கட்டிலில் படுத்தபடியே அவரைப் பார்த்து, "அவனில பிழை இல்லை ஐயா" என்று தமிழில் சொன்னாள். அவருக்குத் தமிழ் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

உடனே தோளுக்கும் நெஞ்சுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தப் படத்தை ஒரு டொக்டர் வெளிச்சப் பெட்டியில் மாட்டி எங்களைக் கூப்பிட்டார். மன்னாரில் எடுத்த படம் இடுப்பை மட்டும் காட்டியதால் அதில் ஒன்றும் தெரியவில்லை. இதில் இரண்டு தோள்களிலும், இரண்டு மேற்கைகளிலும், கழுத்தின் பின்புறத்திலும் உப்புக்கல் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். வலது மேற்கையின் உட்புறத்தில் இருந்த துண்டு மட்டும் கொஞ்சம் பெரிது. இனி ஒருபோதும் இவவுக்கு எம்.ஆர்.ஐ எடுக்கக்கூடாது, இடுப்புக்கு சி.டி ஸ்கான் எடுத்துப் பார்க்கலாம், அது காந்தம் இல்லை, பல கோணங்களில் எடுக்கும் எக்ஸ்ரே போன்றது, தட்டு விலகியிருந்தால் அதிலும் தெரியும் என்று டொக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். நான் அக்காவுக்குச் சொன்னேன்.

பிறகு டொக்டர் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தார். இரு பக்கமும் இவ்வளவு துண்டுகள் இருக்கும்போது முதுகின் நடுவில் ஒன்றுகூட இல்லையே, அந்த நேரம் முதுகில் பை ஏதும் மாட்டியிருந்தாரா என்று கேட்டார். ஆர்வத்தில் கேட்டதுதான், வேறு ஒன்றுமில்லை.

"முதுகில பை ஏதும் கொழுவியிருந்தனீங்களோ எண்டு கேக்கிறார் அக்கா."

அக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பை இல்லை. பிள்ளையை உப்பு மூட்டை தூக்கிக்கொண்டு ஓடினனான்."

டொக்டர் என் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலத்தில் அந்த வசனத்துக்கு வேண்டிய எல்லாச் சொற்களும் எனக்குத் தெரியும். ஆனால், "ஆம், ஒரு பை" என்றேன்.

நான் சொன்ன 'பேக்' என்ற ஆங்கிலச் சொல் எந்த மொழிக்காரருக்கும் தெரிந்த சொல். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு டொக்டரைப் பார்த்து, முகாமில் இருந்த காலத்தில் பழகிய சிங்களத்தில், சொல் சொல்லாகச் சொன்னாள்.

"பேக் நெவெய். மகே துவ."

பை இல்லை. என் மகள்.

டொக்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். வெளிச்சப் பெட்டியை அணைத்தார். அக்காவிடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். என்ன சொன்னார் என்பது எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது கேட்டிருக்கலாம். அவள் யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாள். நான் அவளுடைய தாலிக்கொடியை இன்னும் என் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மதவாச்சி தாண்டிய பிறகுதான் நினைவு வந்து கொடுத்தேன்.

சி.டி ஸ்கானில் இடுப்பில் ஒரு தட்டு விலகி நரம்பை அழுத்துவது தெரிந்தது. யுத்தத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. யாருக்கும் வரக்கூடியதுதான். இடுப்புப் பட்டியும், பயிற்சியும், குனிந்து பாரம் தூக்காமல் இருப்பதுமாகச் சில மாதங்களில் கால் பெரும்பாலும் சரியாகிவிட்டது. ஆனால் வலக்கை சரியாகவில்லை. அந்த ஸ்கானுக்குப் பிறகு மேற்கை வீங்கியது. வீக்கம் வற்றியபோது மோதிர விரலும் சின்னி விரலும் மடிந்த மாதிரியே நின்றுவிட்டன. ஒரு துண்டு அசைந்து நரம்பைத் தொட்டிருக்கலாம் என்றார் கிளினிக் டொக்டர். முன்பே அது நரம்பை உராய்ந்துகொண்டிருந்திருக்கவும் கூடும். முந்திய எக்ஸ்ரே ஒன்று இருந்திருந்தால் ஒப்பிட்டுச் சொல்லலாம், இப்போது சொல்ல ஏலாது என்றார்.

அந்தச் சந்தேகத்தை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள எத்தனையோ நாள் முயன்றிருக்கிறேன். ஏலவில்லை. அவள் அந்தக் கையால் மீன் வெட்டும்போது கத்தி வழுக்கும். ஒரு தடவை தேங்காய் துருவும்போது துருவுபலகை சரிந்துவிட்டது. அத்தான் எழுந்து போய்த் துருவிக் கொடுத்தார். அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கந்தோரில் என் வேகம் குறைந்தது. ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுக் கேட்கத் தொடங்கினேன். வரிசை நீண்டது. மேலாளர் எரிச்சல்பட்டார். அதனால் ஒன்றும் ஈடாகிவிடவில்லை என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்துத்தான் அவளிடம் சொன்னேன். கரையில் அத்தானின் வள்ளம் வந்து, வலையிலிருந்து மீன் கழற்றிய பிறகு, நானும் அவளும் சாக்கில் உட்கார்ந்து சூடை மீனையும் காரல் மீனையும் வேறுவேறாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். காலை வெயில் இன்னும் ஏறவில்லை.

"அக்கா, அண்டைக்கு அந்தப் படிவத்தில பீஸ் கிடக்கோ எண்டு ஒரு கேள்வி இருந்தது. நான் உங்களைக் கேக்காமலே இல்லையெண்டு போட்டனான்."

அவள் கை நிற்கவில்லை.

"பிறகு அந்த ஆள் கேக்கேக்க, நீங்கள்தான் இல்லையெண்டு சொன்னதெண்டு சொல்லிப்போட்டன்."

இப்போது கை நின்றது. மடிந்த இரண்டு விரல்களுக்கும் இடையில் ஒரு காரல் செதில் ஒட்டியிருந்தது. அதை மற்றக் கையால் எடுத்து எறிந்தாள்.

"கேட்டிருந்தாலும் நான் இல்லையெண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள். "அந்தச் சனத்துக்கு முன்னால எங்க பட்டது, எப்பிடிப் பட்டது எண்டு ஆர் சொல்லிக்கொண்டிருக்கிறது."

அது உண்மையா, என்னைத் தப்பவிடச் சொன்னதா என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை தெரியாது. நான் நன்றியோடு தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா கேட்டிருக்கலாம், தம்பி" என்றாள் பிறகு. "படிவத்துக்காகச் சொல்லேல்லை. நீ இஞ்ச வந்து எவ்வளவு காலம். ஒரு நாள் கேட்டிருக்கலாம். அவள் உன்ர மருமகள்தானே."

எனக்கு அழுகை வந்தது. அவள் அழவில்லை. கூடையை என் பக்கம் தள்ளிவிட்டாள். எனக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. கடைசி நாளைப் பற்றிக் கேட்கத் துணிவில்லை. அதனால், "பிள்ளை என்ன சாப்பிடுவாள், என்ன விருப்பம் அவளுக்கு?" என்று கேட்டேன்.

அக்கா கடலைப் பார்த்தாள். "நண்டு. நண்டெண்டா உயிர்" என்றாள். "ஆனா அவளுக்கு உடைக்கத் தெரியாது. ஆரும் உடைச்சுக் குடுக்கவும் கூடாது. கோவம் வந்திடும். கோதோட சப்பிச் சப்பி, வாயெல்லாம் கிழிச்சுக்கொண்டு இருப்பாள்."

அன்று அவ்வளவுதான் சொன்னாள். மற்றவற்றைச் சொல்லி முடிக்க இன்னும் பல காலைகள் எடுத்தன. அவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவை அவளுடையவை. நான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் எழுதலாம்.